மூன்று வண்டிக்குப் பதில் ஓட்டச் சலிக்காத ஒரே பழைய கார்: ஐகானா, சிட்டி விடெக்கா, பாலியோவா?

டவுனுக்கு ஒரு வண்டி, தோட்டத்துக்கு ஒன்று, ஆசைக்கு வாங்கி ஷெட்டில் நிற்பது இன்னொன்று. மூன்றுக்கும் இன்சூரன்ஸ், பேட்டரி, டயர் என்று தனித்தனிச் செலவு. மூன்றையும் கொடுத்துவிட்டு, ஓட்டச் சலிக்காத ஒரே பழைய வண்டியை வைத்துக்கொள்ளலாமா? தாராளமாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த ஒன்று திங்கட்கிழமை காலையில் சாவி போட்டதும் கிளம்ப வேண்டும்; புண்ணாக்கு மூட்டையும் ஏற்ற வேண்டும்; வால்பாறை ஏறும்போது மனசும் நிறைய வேண்டும்.

இந்தக் கணக்கில் சில வண்டிகள் தானாகவே கழிந்துவிடும். 50 வயது தாண்டிய வண்டியை விண்டேஜ் என்று பதிந்தால், 2021இல் வந்த மத்திய விதிப்படி கண்காட்சி, ராலி, பெட்ரோல் போடுவது, பழுதுபார்ப்பு போன்ற தேவைகளுக்கு மட்டுமே ரோட்டில் எடுக்கலாம். தினசரி ஓட்டம் கூடாது. சான் ஸ்டார்ம் அழகான வண்டி, ஃபைபர் பாடி என்பதால் துரு தொல்லை இல்லை. ஆனால் இரண்டே சீட்டு. இசுசு 1.8 எஞ்சின் போட்ட கான்டெசாவில் பின்சக்கர இழுவையின் சுகம் உண்டு. தரைத்தகடும் கதவடியும் துருப்பிடித்திருந்தால் டிங்கரிங் செலவுக்கு முடிவே கிடையாது.

மிச்சம் இருப்பவை மூன்று. ஃபோர்டு ஐகான் 1.6, 2000வாக்கில் வந்த ஹோண்டா சிட்டி 1.5 விடெக், ஃபியட் பாலியோ 1.6.

ஒரே வண்டி என்றால் எங்கள் கை ஐகான் பக்கம்தான் போகும். இதன் ரோகாம் எஞ்சினில் 8 வால்வுதான். ஆனால் 130 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது இழுக்கும் திறன், 2500 ஆர்.பி.எம்.மிலேயே கிடைத்துவிடும். ஆழியாறிலிருந்து வால்பாறை வரை 40 கொண்டை ஊசி வளைவு. வளைவுக்கு வளைவு கியரைப் பிடித்து இழுக்காமல், இரண்டாவதிலும் மூன்றாவதிலுமே ஏறிவிடலாம். எஞ்சினின் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கும் டைமிங் பெல்ட் கிடையாது, அதற்குப் பதில் செயின். எப்போது என்ன மாற்றினார்கள் என்ற கணக்கு வழக்கு தெரியாத பழைய வண்டியில் இது பெரிய நிம்மதி. 1.3 எஞ்சின் ஐகான்களும் ஏராளம், அதனால் ஆர்.சி.யில் 1597 சி.சி. என்று இருக்கிறதா என முதலில் பாருங்கள்.

ஐகானின் பலவீனம், எஞ்சினைக் குளிர வைக்கும் கூலன்ட் ஓடும் வழியில் இருக்கிறது. கூலன்ட் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டின் கூடு (ஹவுசிங்) பிளாஸ்டிக். வருடக்கணக்கில் சூடுபட்டு மொறுமொறுப்பாகி, இணைப்பில் மயிரிழை விரிசல் விடும். கூலன்ட் சொட்டுச் சொட்டாகப் போவது வெளியே தெரியாது, எஞ்சின் தலைக்கும் (ஹெட்) பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கட் போன பிறகுதான் தெரியும். காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது கூலன்ட் டப்பாவின் மூடியைத் திறந்து விரலை விட்டுப் பாருங்கள். வெள்ளைப் பொருக்கு ஒட்டினால் போர்வெல் உப்புத் தண்ணி ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். செம்மண் நிறத்தில் இருந்தால் பிளாக்கின் உள்ளே துரு. வாங்கியதும் ஹவுசிங், தெர்மோஸ்டாட், டப்பா, மூடி, ஹோஸ் எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றி, கூலன்ட்டையும் டிஸ்டில்டு வாட்டரையும் பாதிக்குப் பாதி ஊற்றுங்கள். ஹெட் வளைந்திருந்தாலும் கோவையில் அதற்கு அலைய வேண்டியதில்லை. பம்ப்செட் செய்யும் ஊர் இது, ஹெட்டின் அடிப்பக்கத்தைச் சமமாகச் சீவும் ஹெட் ஃபேசிங் செய்யத் தெரிந்த பட்டறைக்குப் பஞ்சமில்லை. திரும்பப் பூட்டும்போது ஹெட் போல்ட்டைப் புதிதாகப் போடுங்கள்.

இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக ஃபோர்டு 2021இல் அறிவித்தது. அதனால் பாடி பாகங்களுக்கு அலைச்சல் உண்டு. ஹெட்லைட்டும் பம்பரும் நல்ல நிலையில் இருக்கும் வண்டிக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் நஷ்டமில்லை.

எஞ்சினை மட்டும் வைத்துப் பார்த்தால் சிட்டி விடெக்தான் ராஜா. 1.5 லிட்டரில் 106 குதிரைத்திறன். 5000 ஆர்.பி.எம். தாண்டியதும் சத்தமே மாறி வண்டி பாயும். சேலம் பைபாஸில் இதுபோல் சந்தோஷம் தரும் வண்டி இந்த விலையில் வேறில்லை. ஆனால் வண்டி தாழ்வு. நாலு பேர் உட்கார்ந்து இட்டேரிக்குள் (தோட்டங்களுக்கு நடுவில் போகும் மண்தடம்) இறங்கினால் நடுமேட்டில் சைலன்சர் உரசும். தோட்டத்துக்கு மண்பாதை இருப்பவர்களுக்கு இது ஒத்துவராது. சாளை (தோட்டத்து வீடு) வாசல் வரை தார் ரோடு இருந்தால் ஐகானை விட்டுவிட்டு இதையே எடுக்கலாம்.

சிட்டியில் பலரைக் குழப்பும் கோளாறு ஒன்று உண்டு. மதிய வெயிலில் இரண்டு மணி நேரம் நிற்கும் வண்டி, எஞ்சின் சுற்றியும் பிடிக்காது. சாயங்காலம் ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பும். பெட்ரோல் பம்பை மாற்றுவார்கள், பிளக்கை மாற்றுவார்கள். பெரும்பாலும் குற்றவாளி, பெட்ரோல் பம்புக்குக் கரண்ட் அனுப்பும், டேஷ்போர்டுக்கு அடியில் உள்ள மெயின் ரிலே. உள்ளே பின்களைச் சுற்றி சால்டரிங்கில் வளையம் போல விரிசல் விட்டிருக்கும், சூட்டில் அது பிரிந்துகொள்ளும். திரும்ப சால்டர் வைத்தால் தீர்ந்தது. டைமிங் பெல்ட் மாற்றிய பில் இல்லையென்றால், பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றையும் ஒன்றாக மாற்றாமல் மலை ஏறாதீர்கள். பெல்ட் அறுந்தால் வால்வு வளைந்துவிடும்.

பாலியோவில் 100 குதிரைத்திறன், கனத்த ஸ்டீயரிங், மூன்றிலும் உறுதியான சஸ்பென்ஷன். கோத்தகிரி ரோட்டில் நம்பி வளைக்கலாம். ஆனால் 16 வால்வு எஞ்சினில் பெல்ட் மாற்ற, வால்வுகளை இயக்கும் கேம் தண்டு நகராமல் பூட்டும் கருவி வேண்டும். கண்மதிப்பில் மாற்றும் மெக்கானிக்கிடம் கொடுக்கவே கூடாது. இமொபிலைசர் சாவி (வேறு சாவி போட்டால் எஞ்சின் கிளம்பாது) இரண்டும் கையில் இல்லாவிட்டால் வாங்க வேண்டாம். ஒரே வண்டியாக வைத்துக்கொள்ள இதைப் பரிந்துரைக்க மனம் வரவில்லை. டவுனில் லிட்டருக்கு 10 கிலோமீட்டர் தாண்டுவதும் கஷ்டம்.

எதை வாங்கினாலும் பெட்ரோல் ஹோஸை எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுங்கள். பழைய ரப்பர், 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலில் இளகிக் கசியும். 20 வயது தாண்டிய காருக்கு ஆர்.சி. புதுப்பிக்கும் கட்டணம் 2025 ஆகஸ்டிலிருந்து 10,000 ரூபாய்; பேரத்தின்போது அதையும் கழித்துப் பேசுங்கள்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் வண்டியை ஆழியாறிலிருந்து பத்து வளைவு வரை ஏ.சி. போட்டு ஏற்றி இறக்குங்கள். கீழே வந்ததும் வெயிலில் நிறுத்தி, முக்கால் மணி நேரம் கழித்து சாவியை ஆன் வரை மட்டும் திருப்புங்கள். இரண்டு விநாடி பெட்ரோல் பம்ப் முனகும் சத்தம் பின்சீட்டுப் பக்கம் கேட்க வேண்டும். பிறகு ஸ்டார்ட் செய்து, பானட்டைத் தூக்கி, தெர்மோஸ்டாட் ஹவுசிங்குக்கு அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள்.