ஒமேகா-ரி: மொழிப் பட்டதாரிக்கு ஒரு இலவச மென்பொருள், யாழ்ப்பாணத்து மேசையில் வைத்துப் பார்த்தால்

ஜேர்மனோ பிரெஞ்சோ படித்துப் பட்டத்தோடு யாழ்ப்பாணம் திரும்புகிறவருக்கு ஊரில் உடனே கண்ணில் படுகிற வேலை இரண்டுதான். ஒன்று, வெளிநாட்டுக்குக் கலியாணம் கட்டிப் போகிறவர்களுக்கு ஏ1 என்ற தொடக்கநிலை மொழி வகுப்பு எடுப்பது. மற்றது, பிறப்பு, விவாக அத்தாட்சிப் பத்திரங்களை மொழிபெயர்ப்பது. இரண்டாவதற்குப் பட்டம் மட்டும் காணாது, சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் முத்திரை வேண்டும். அது கிடைத்தாலும், ஜேர்மன் அலுவலகங்கள் பெரும்பாலும் அங்கேயே சத்தியம் செய்த மொழிபெயர்ப்பாளரின் முத்திரையைத்தான் கேட்கின்றன.

மூன்றாவது வழி வெளிநாட்டு மொழிபெயர்ப்பு நிறுவனங்களுக்கு வீட்டிலிருந்து வேலை செய்வது. சுவிஸ் செஞ்சிலுவைச் சங்கத்தின் மிகெஸ்பிளுஸ் தளத்தில் இருக்கிற தமிழ் சுகாதாரக் கையேடுகளைப் பார்த்தால் அது எப்படிப்பட்ட வேலை என்று விளங்கும். அந்த நிறுவனங்களில் பட்டத்தைப் பற்றிக் கேட்கிற அதே மூச்சில் ‘எந்த கேட் டூல் பாவிக்கிறீர்கள்?’ என்றும் கேட்பார்கள். கேட் டூல் என்பது மொழிபெயர்ப்பாளருக்குக் கைகொடுக்கிற மென்பொருள். ட்ராடோஸ், மெமோகியூ இரண்டும் காசு கொடுத்து வாங்க வேண்டியவை. ஒமேகா-ரிக்கு ஒரு சதமும் தேவையில்லை. 2000ஆம் ஆண்டில் கீத் கொட்ஃபிறி தொடக்கிய திறந்த மூல மென்பொருள் இது. விண்டோஸ், மக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், பழைய மடிக்கணினியும் தாங்கும். இணையத்திலிருந்து தரவிறக்கும்போது ஜாவா சேர்த்த பதிப்பையே எடுங்கள். இல்லையென்றால் முதல் நாளே ஜாவாவைத் தேடி அலைய வேண்டும்.

வேலை செய்கிற முறை எளிது. புதிய புரொஜெக்ட் திறந்ததும் மூலம், இலக்கு, நினைவகம் (முன்பு மொழிபெயர்த்த வசனங்களின் சேமிப்பு), சொற்கோவை என்று தனித்தனிக் கோப்புறைகள் தானாக உருவாகும். மூலக் கோப்பை மூலக் கோப்புறையில் போட்டால் மென்பொருள் அதை வசனம் வசனமாகப் பிரித்து வைக்கும். முன்பு மொழிபெயர்த்த வசனத்தைப் போல ஒன்று வந்தால் வலப்பக்கம் விகிதத்தோடு காட்டும். கொன்ட்ரோலும் ஆரும் அழுத்தினால் அது அப்படியே இறங்கும், கொன்ட்ரோலும் யூவும் அடுத்த வெற்று வசனத்துக்குக் கொண்டுபோகும், கொன்ட்ரோலும் டியும் முடித்த கோப்பை இலக்குக் கோப்புறையில் எழுதும். ஒரு மணித்தியாலத்தில் கை பழகிவிடும். மின்சாரம் போனாலும் பயமில்லை. தானாகச் சேமிக்கும், நினைவகக் கோப்பின் பழைய பிரதிகளையும் ஒதுக்கி வைத்திருக்கும்.

பிரச்சினை தொடங்குவது தமிழில்.

முதலாவது பாமினி. இங்கே ரைப்செற்றிங் கடைகளிலிருந்து வரும் வேர்ட் கோப்புகளில் இன்னமும் பாமினி எழுத்துரு நிறைய உண்டு. ஒமேகா-ரிக்குள் அது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாகத்தான் தெரியும், ஏனென்றால் பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளியே அரைப்புள்ளி விசைதான். முதலில் யூனிக்கோடுக்கு மாற்ற வேண்டும். மாற்றியபின் ஔகாரத்தைக் கட்டாயம் பாருங்கள். பாமினியில் ஔகாரக் குறியின் வால்பகுதிக்கும் ளகரத்துக்கும் ஒரே விசை என்பதால், மாற்றிகள் ‘கௌரவம்’ என்பதை ‘கெளரவம்’ ஆக்கிவிடும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும், தேடலில் அகப்படாது. ஒகரக் குறியிலும் இதே வில்லங்கம் உண்டு. சில தட்டச்சுக் கருவிகள் ‘ொ’வை ஒரே குறியாகவும், சில எகரக் கொம்பு, கால் என்று இரண்டாகவும் பதியும். அப்படிப் பதிந்த வசனம், நினைவகத்தில் இருக்கிற அதே வசனத்தோடு நூற்றுக்கு நூறு பொருந்தாமல் போகலாம்.

இரண்டாவது, வசனத்தைப் பிரிக்கிற விதி. தமிழுக்கென்று தனி விதித்தொகுதி இதில் வருவதில்லை. பொது விதி புள்ளியையும் அதன்பின் வெற்றிடத்தையும் கண்டவுடன் வெட்டும். அதனால் ‘திரு.’ ஒரு துண்டாகவும் ஆளின் பெயர் அடுத்த துண்டாகவும் போகும். முதலெழுத்துப் போட்ட பெயர், ‘இல.’, ‘பி.ப.’ எல்லாவற்றுக்கும் இதே கதி. புரொஜெக்டின் பண்புகளில் பிரிப்பு விதிகளைத் திறந்து ஒரு விதிவிலக்குச் சேர்க்க வேண்டும். முன்பகுதியில் ‘திரு\.’, பின்பகுதியில் ஒரு வெற்றிடம், வெட்டும் அடையாளத்தை எடுத்துவிடவும். அந்த விதி பொது விதிக்கு மேலே நிற்க வேண்டும், கீழே நின்றால் வேலை செய்யாது. இதை வேலை தொடங்குமுன் செய்யுங்கள். பாதியில் செய்தால் துண்டுகள் மாறி, மொழிபெயர்த்ததில் ஒரு பகுதி மீண்டும் வெறுமையாகத் தெரியும்.

ஸ்கான் செய்த பத்திரத்தை இதற்குள் போட்டுப் பயனில்லை. எழுத்துணர் மென்பொருளில் போட்டு எடுத்த வேர்ட் கோப்பென்றால் ஒரு வசனத்துக்குள் பத்துப் பதினைந்து டேக், அதாவது வடிவமைப்பைக் காட்டும் குறியீடு, நிற்கும், ஒன்று தவறினாலும் முடித்த கோப்பு திறக்காமல் போகலாம். டேக்குகளை நீக்கும் தெரிவைப் போட்டு, வடிவமைப்பைக் கடைசியில் கையால் செய்வதே சுகம். தமிழ் எழுத்துப்பிழை திருத்தியை நிறுத்தி வையுங்கள். சந்தியும் வேற்றுமையும் சேர்ந்த சரியான சொல்லுக்கெல்லாம் சிவப்புக்கோடு போட்டுக் கண்ணைக் களைக்கப் பண்ணும்.

இந்த மென்பொருளின் பெறுமதி சொற்கோவையில்தான் இருக்கிறது. மூலச்சொல், தமிழ்ச்சொல், குறிப்பு மூன்றையும் டப் விசையால் பிரித்து எழுதுகிற சாதாரண எழுத்துக் கோப்பு அது. சுவிஸ் மருத்துவக் காப்புறுதிக் கையேட்டில் ‘ஃப்ராஞ்சீஸ்’, ‘செல்ப்ஸ்ட்பெஹால்ட்’ என்று இரண்டு சொல் வரும். அகராதியை மட்டும் நம்புகிறவர் இரண்டையும் ‘சொந்தப் பங்கு’ என்று எழுதிவிடுவார். ஃப்ராஞ்சீஸ் என்பது காப்புறுதி காசு கொடுக்கத் தொடங்குமுன், ஒவ்வொரு வருடமும் முதலில் நோயாளி முழுதாகக் கட்டி முடிக்கிற தொகை. அது முடிந்தபின் வருகிற செலவில் நோயாளி கட்டுகிற 10 வீதம்தான் செல்ப்ஸ்ட்பெஹால்ட், வயது வந்தவருக்கு வருடத்துக்கு 700 பிராங் வரை. மாறி எழுதினால் வாசிக்கிற ஆள் காசுக் கணக்கைப் பிழையாகப் போடும். இப்படி 200 சொல் சேர்ந்த சொற்கோவை பட்டச் சான்றிதழைவிட அதிகம் உழைக்கும். ஒரு எச்சரிக்கை: சுவிஸ் ஜேர்மன் எழுத்தில் எஸ்ஸெட் (ß) எழுத்து கிடையாது, இரட்டை எஸ்தான். ஜேர்மனிக் கோப்பிலிருந்து சேர்த்த சொல் சுவிஸ் கோப்பில் பிடிபடாமல் போகலாம் என்பதால் இரண்டு எழுத்திலும் பதிந்து வையுங்கள். மூலம் தமிழ் என்றால் சொற்கோவை பாதிப் பலம்தான். ‘பதிவாளர்’ என்று பதிந்தால் ‘பதிவாளருக்கு’ வருகிற இடத்தில் பிடிக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

கூலி பேசுகிற இடத்தில் இதன் புள்ளிவிபர அட்டவணை கைகொடுக்கும். மீள்வருகை, முழுப்பொருத்தம், பிறகு 95, 85, 75, 50 வீதத்துக்கு மேல் என்று படிப்படியாகச் சொற்களைப் பிரித்துக் காட்டும். நிறுவனங்கள் கழிவு கேட்பது இந்தப் படிகளை வைத்துத்தான். ஆனால் தமிழிலிருந்து ஜேர்மனுக்குப் போகும் வேலையை மூலச்சொல் கணக்கில் ஒப்புக்கொள்ளாதீர்கள். ‘வந்துகொண்டிருந்தவர்களுக்கும்’ தமிழில் ஒரு சொல், ஜேர்மனில் ஆறேழு சொல்லாகும். இலக்குமொழி வரிக்கணக்குக் கேளுங்கள். ஜேர்மன் நீதிமன்றங்கள் மொழிபெயர்ப்புக்குக் கொடுப்பதே 55 தட்டெழுத்து ஒரு அலகு என்ற கணக்கில். தமிழுக்கு எழுதும்போது எழுத்துக் கணக்கு நமக்கு வாய்ப்பு. ‘யாழ்ப்பாணம்’ நமக்கு ஆறு எழுத்து, கணினிக்குக் காலும் புள்ளியும் தனித்தனியாகப் பதினொன்று. அதனால்தான் எல்லா நிறுவனமும் அதற்குச் சம்மதிக்காது.

குறைகளில் பெரியது ட்ராடோஸ் பொதி, அதாவது வேலைக் கோப்புகளை ஒன்றாகக் கட்டி அனுப்புகிற கோப்பு. நிறுவனம் பொதியாக அனுப்பினால் நேரே திறக்க முடியாமல் போகலாம். ஒகாபி என்ற செருகியைச் சேர்த்து, பொதியை அவிழ்த்து, உள்ளே இருக்கிற இருமொழிக் கோப்பை எடுத்து வேலை செய்யலாம், ஆனால் திருப்பி அனுப்புகிற பொதியை இது கட்டித் தரும் என்று நம்பியிருக்க முடியாது. நிரந்தர வாடிக்கை ட்ராடோஸ் மட்டுமே ஏற்கிறது என்றால் அப்போது வாங்குங்கள், அதற்குமுன் வேண்டாம். இயந்திர மொழிபெயர்ப்பை இணைக்கவும் வசதி உண்டு. ஆட்களின் பெயர், பிறந்த திகதி, நோய் விபரம் இருக்கிற கோப்பில் அதை மூடி வையுங்கள், திறக்கிற வசனமெல்லாம் வெளிச் சேவையகத்துக்குப் போகும்.

மொழிபெயர்ப்போடு நினைவகத்தையும் அனுப்பச் சொன்னால் குழம்ப வேண்டாம். முடித்த கோப்பை எழுதும்போது புரொஜெக்ட் கோப்புறையில் மூன்று ரிஎம்எக்ஸ் கோப்பு, அதாவது நினைவகக் கோப்பு, உருவாகும். ‘லெவல் 2’ என்று பெயர் இருப்பதை அனுப்புங்கள், மற்ற மென்பொருள்கள் டேக்கோடு வாசிப்பது அதைத்தான்.