கல்லுடைக்கும் பூவும் வெயில் பிடிக்கும் பூவும்

ஆர்க்டிக்கில் கோடை சில வாரங்கள்தான். அதற்குள் பூத்து, விதை முற்றியாக வேண்டும். ஊதா சாக்சிஃப்ரேஜ், வெள்ளை டிரையாஸ் இரண்டும் தரையோடு ஒட்டிப் படரும் செடிகளே. ஆனால் பிழைக்கும் வழி வேறு வேறு.

சாக்சிஃப்ரேஜ் முந்திக்கொள்ளும். மொட்டை முந்தைய ஆண்டே உருவாக்கி வைத்திருப்பதால், பனி விலகியதுமே பூத்துவிடும். லத்தீனில் அதன் பெயருக்குக் 'கல்லுடைப்பான்' என்று பொருள். பாறை இடுக்கில் அது வேரூன்றி நிற்பதைப் பார்த்தால் பொருத்தமான பெயர்தான். சுவிட்சர்லாந்தின் டோம் மலையில் சுமார் 4,500 மீட்டர் உயரத்திலும் அதைக் கண்டிருக்கிறார்கள். கனடாவின் நுனாவுட் பிரதேசத்துக்கு அதுவே அடையாள மலர். இனுயிட் மக்கள் அதன் இதழ்களைத் தின்பதும் உண்டு.

டிரையாஸின் வழி நிதானமானது. பெரும்பாலும் எட்டு இதழ்கள் கொண்ட அந்தக் கிண்ணப்பூ, நாள் முழுதும் வெயிலைப் பார்த்தே திரும்பும். நம் சூரியகாந்திகூட இளம்பருவத்தில்தான் அப்படித் திரும்பும், முற்றினால் கிழக்கு நோக்கி நின்றுவிடும். வெயிலைக் குவிக்கும் பூவின் நடுப்பகுதி, சுற்றியுள்ள காற்றைவிடச் சூடாகிறது. குளிர்காயப் பூச்சிகள் வந்து அமர்கின்றன, மகரந்தச் சேர்க்கையும் நடக்கிறது. ஐஸ்லாந்தின் தேசிய மலர் இது. சுமார் 12,900 ஆண்டுகளுக்கு முன் திடீரெனத் திரும்பிய கடுங்குளிர்க் காலத்துக்கு 'இளைய டிரையாஸ்' என்றே பெயர். அக்கால ஏரிப் படிவுகளில் இதன் இலைகள் கிடைத்ததே காரணம்.

துணிச்சலில் சாக்சிஃப்ரேஜ்தான் மேல். ஆனால் என் மனம் டிரையாஸ் பக்கம்தான் சாய்கிறது: பூ உதிர்ந்த பிறகும் இறகு முளைத்த விதைகளோடு காற்றுக்குக் காத்து நிற்கும் அழகு அதற்கு மட்டுமே உண்டு.