‘இலவச டச்-அப்’ என்றதும் மறுபடி போய்ப் படுத்துவிடாதீர்கள்

கண்ணுக்குக் கீழே தொங்கும் பையை அறுவை செய்து எடுக்க நினைப்பவர்களுக்கும், எடுத்துவிட்டு இப்போது நொந்துகொண்டிருப்பவர்களுக்கும் இந்தப் பதிவு. கிளினிக் பெயரை எழுதவில்லை. புகார் போயிருக்கிறது, தனியாகவும் கேட்காதீர்கள்.

எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. கண்ணுக்குக் கீழே பை எங்கள் குடும்பச் சொத்து, அம்மாவுக்கும் இருந்தது. பினாங்குத் தீவில் ஓர் அழகு கிளினிக்கில், “கொழுப்பை எடுத்துட்டா போதும்க்கா, சின்ன வேலைதான்” என்றார்கள். பேசியதெல்லாம் விலைப்பட்டியலோடு வந்த பெண். டாக்டர் எட்டிப் பார்த்ததோடு சரி, இமையை விரலால் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

வீக்கம் வடிந்ததும் பார்த்தால், இடது கீழ் இமை கீழே இழுத்துக்கொண்டு கருவிழிக்கு அடியில் வெள்ளை தெரிகிறது. ஃபெர்ரியில் காற்று பட்டால் கண்ணீர் கொட்டுகிறது. தூங்கும்போது கண் முழுதாக மூடுவதில்லை என்கிறாள் மகள். கேட்டால் முதலில் “வீக்கம்தான்”, அப்புறம் “மசாஜ் பண்ணுங்க”, கடைசியில் “அடுத்த வாரமே வாங்க, ஃபில்லர் போட்டு இலவசமா சரி பண்ணிடுறோம்” (ஃபில்லர் என்பது பள்ளத்தை நிரப்ப ஊசியால் போடும் ஜெல்). கூடவே ஒரு தாள்: இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று கையெழுத்துப் போட வேண்டுமாம். இலவசத்தின் விலை அதுதான்.

நான் போடவில்லை. கோலாலம்பூரில் ஓர் ஒக்குலோபிளாஸ்டிக் நிபுணரிடம் போனேன். கண் மருத்துவம் படித்துவிட்டு இமை, கண்ணீர்ப்பாதை அறுவைக்கென்று தனியாகப் பயிற்சி பெற்றவர்கள் இவர்கள். அவர் கீழ் இமையைக் கீழே இழுத்துவிட்டுப் பார்த்தார். இறுக்கமான இமை உடனே பழைய இடத்துக்குப் போய்விடுமாம். என்னுடையது கண் சிமிட்டிய பிறகுதான் போனது. அடுத்து, மேலே பார்த்தபடி வாயை அகலத் திறக்கச் சொன்னார். பல் டாக்டரிடம் வந்துவிட்டோமா என்று நினைத்தேன். வாயைத் திறந்ததும் இமை இன்னும் கீழே இறங்கியது. தோல் போதவில்லை என்பதற்கு அதுதான் அடையாளம். தளர்ந்த இமையை ஓரத்தில் இறுக்கித் தைக்காமல், தோலையும் அளவுக்கு மேல் வெட்டியிருக்கிறார்கள்.

தோல் போதாத இடத்தில் ஃபில்லர் போட்டு என்ன பயன்? அது தவறி ரத்தக் குழாய்க்குள் போனால் பார்வையே போகக்கூடும் என்றார். பிறகு சாயம் விட்டு நீல வெளிச்சத்தில் கருவிழியைச் சோதித்தார். நல்லவேளை, புண் இல்லை. அதனால் இப்போதைக்குக் கத்தி வேண்டாம், தழும்பு இளகச் சுமார் 6 மாதம் ஆகும், அதுவரை பகலில் சொட்டு மருந்து, இரவில் களிம்பு. கருவிழிக்கு ஆபத்து வந்தால்தான் அவசரம். பிறகும் சரியாகவில்லை என்றால் மேல் இமையிலிருந்தோ காதுக்குப் பின்னாலிருந்தோ தோல் எடுத்து ஒட்டுவார்கள்.

இன்னொரு டாக்டரிடம் போகும்போது அறுவைக்கு முன் எடுத்த படங்களும் மருத்துவ அறிக்கையும் கையில் இருக்கட்டும். ‘டாக்டர் லீவு’ என்று என்னை இழுத்தடித்தார்கள். தனியார் சுகாதாரச் சட்டம் 1998, அதன் 2006 விதிமுறைகள் இரண்டையும் குறிப்பிட்டு எழுதினேன், வந்துவிட்டது. ஆவணம் கிளினிக்கின் சொத்துதான், கட்டணமும் கேட்கலாம். ஆனால் அறிக்கை தர மறுக்க முடியாது. வந்த அறிக்கையில் எவ்வளவு தோல் வெட்டினார்கள் என்ற அளவே இல்லை!

கத்தி வைக்கிறவரின் பெயரை ‘நேஷனல் ஸ்பெஷலிஸ்ட் ரெஜிஸ்டர்’ என்ற மலேசிய நிபுணர் பதிவேட்டின் இணையத்தளத்தில் தேடுங்கள். சுவரில் மாட்டியிருக்கும் எல்.சி.பி. (அழகு சிகிச்சை செய்வதற்கான அனுமதி) சான்றிதழை வைத்துப் பொது மருத்துவர் ஊசி, லேசர் செய்யலாம். இமையை அறுப்பது நிபுணர் வேலை. எனக்குச் செய்தவரின் பெயர் அந்தப் பதிவேட்டில் இல்லை. கிளினிக்கின் மேல் புகாரைச் சுகாதார அமைச்சின் தனியார் மருத்துவக் கட்டுப்பாட்டுப் பிரிவுக்கும், டாக்டரின் மேல் புகாரை மலேசிய மருத்துவ மன்றத்துக்கும் அனுப்பியிருக்கிறேன். பணம் திரும்ப வேண்டுமென்றால் அது வழக்கறிஞர் பார்க்க வேண்டிய வேலை.

இப்போதுதான் அறுவை முடித்தவர்களுக்கு ஒன்று. கடும் வலி, கண் முன்னே பிதுங்குவது, பார்வை மங்குவது என்று வந்தால் கண்ணுக்குப் பின்னால் ரத்தம் கட்டியிருக்கலாம். கிளினிக்கின் வாட்ஸ்அப் பதிலுக்குக் காத்திருக்காமல் நேரே பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.