மாண்ட்காமெரி கவுண்டி ஹெச்ஓசி: வாடகைக்கு வீடு தேடுறவங்க தெரிஞ்சுக்க வேண்டிய ஆபீஸ்

அமெரிக்காவோட மேரிலாந்து மாநிலத்துல வாஷிங்டன் டிசியை ஒட்டி இருக்குற மாண்ட்காமெரி கவுண்டில (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) வாடகை எந்த லட்சணத்துல இருக்குன்னு இங்க இருக்குறவங்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். என்கூட வேலை பார்த்த ஒரு எத்தியோப்பிய அக்கா, ரெண்டு பிள்ளைங்க, தனியா சமாளிக்கிறாங்க. அவங்க இருந்த பிரைவேட் அபார்ட்மெண்ட்ல ஒரே ரினியூவல்ல வாடகையைத் தாறுமாறா ஏத்திட்டாங்க. அப்போ அவங்களுக்காக ஃபார்ம் ஃபில் பண்ண உக்காந்தப்போதான் ஹெச்ஓசி, அதாவது ஹவுசிங் ஆப்பர்ச்சூனிட்டீஸ் கமிஷன், பத்தி ஒழுங்காப் படிச்சேன். இங்க பல வருஷமா இருந்தும் இது தெரியாம இருந்திருக்கேன், அதான் இந்த ரிவ்யூ.

இது 1974ல இருந்து இருக்குற ஆபீஸ். மத்த ஊர்ல ஹவுசிங் அத்தாரிட்டின்னா கவர்மெண்ட் காசுல ஏழைங்களுக்குன்னு ஒரு மூலையில பிளாக் கட்டிட்டு அதோட முடிஞ்சிரும். இவங்க அந்த வேலையும் செய்றாங்க, பாண்டு, அதாவது கடன் பத்திரம், போட்டுக் கடன் திரட்டுறாங்க, சொந்தமா பில்டிங்கும் கட்டுறாங்க, மூணும் ஒரே கூரைக்குக் கீழ.

அதே சமயத்துல கவுண்டில வந்த சட்டம்தான் எம்பிடியூ, அதாவது மாடரேட்லி ப்ரைஸ்டு டுவெல்லிங் யூனிட், கட்டுப்படியாகுற விலை வீடு. ஆரம்பத்துல, 50 வீடோ அதுக்கு மேலயோ கட்டுற பில்டர் அதுல 15 சதவீதத்தைக் கம்மி வருமானக்காரங்களுக்கு ஒதுக்கணும்னு இருந்துச்சு, பதிலுக்குக் கொஞ்சம் கூடுதலா வீடு கட்டிக்கலாம். லீக் ஆஃப் விமன் வோட்டர்ஸ்ங்கிற பெண் வாக்காளர் சங்கம் மாதிரி அமைப்புங்க வருஷக்கணக்கா போராடி வாங்கினது, அப்போ இருந்த கவுண்டி எக்சிகியூட்டிவ், அதாவது கவுண்டித் தலைவர், வீட்டோ அதிகாரத்தால தடுத்தும் கவுண்டி கவுன்சில் அந்தத் தடையை மீறிச் சட்டத்தைப் பாஸ் பண்ணிச்சு. அமெரிக்காவுல இந்த மாதிரி கட்டாயச் சட்டம் கொண்டு வந்ததுல முதல் வரிசை இந்த கவுண்டிதான். ஆரம்பத்துல ஒரு தப்பும் பண்ணாங்க, விலைக் கட்டுப்பாட்டை வெறும் 5 வருஷத்துக்கு வெச்சாங்க, அது முடிஞ்சதும் வீடெல்லாம் மார்க்கெட் விலைக்குப் போயிருச்சு. அப்புறம் 10 வருஷம் ஆச்சு, 2005ல சொந்த வீட்டுக்கு 30 வருஷம், வாடகை வீட்டுக்கு 99 வருஷம்னு மாத்தினாங்க. எத்தனை ஆயிரம் வீடு அந்த இடைவெளியில கை விட்டுப் போச்சுன்னு நினைச்சா வயிறு எரியுது.

எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான். இந்த எம்பிடியூ வீடுகள்ல ஒரு பங்கை ஹெச்ஓசியே வாங்கி, பப்ளிக் ஹவுசிங் (அரசு குறைஞ்ச வாடகை வீடு) குடும்பங்களைப் பணக்கார ஏரியா தெருக்கள்லயே குடி வெச்சிது. எந்த வீடு கிடைக்கும்னு குடும்பங்க தேர்ந்தெடுக்க முடியாது, குலுக்கல் மாதிரி. அதனால 2010ல ராண்ட்ங்கிற ஆராய்ச்சி நிறுவனத்தோட ஆராய்ச்சியாளர் ஹெதர் ஷ்வார்ட்ஸ் இதை வெச்சு ஒரு ஆய்வு பண்ண முடிஞ்சுது. சுமார் 850 பிள்ளைங்க. வசதியான பிள்ளைங்க நிறைய படிக்கிற ஸ்கூலுக்குப் போன பப்ளிக் ஹவுசிங் பிள்ளைங்க, எலிமெண்டரி முடியுறதுக்குள்ள கணக்குல வசதியான பிள்ளைங்களோட இருந்த இடைவெளியைப் பாதியாக் குறைச்சிட்டாங்க. ஏழைப் பிள்ளைங்க அதிகமா இருக்குற ஸ்கூலுக்கு கவுண்டி கூடுதலா காசு கொட்டுச்சு, அங்க போன பிள்ளைங்களைவிட இவங்க நல்லா வந்தாங்க. வீடு எங்க கிடைக்குதுங்கிறது எவ்வளவு பெரிய விஷயம் பாருங்க.

இப்போ புதுசா என்ன பண்றாங்கன்னா, 2021ல கவுண்டி 50 மில்லியன் டாலர் போட்டு ஹவுசிங் புரொடக்‌ஷன் ஃபண்டுன்னு ஆரம்பிச்சுது, அப்புறம் அது 100 மில்லியன் ஆச்சு. பிரைவேட் முதலீட்டாளர் பெரிய லாபம் கேட்பான், இந்த ஃபண்டுல கம்மி வட்டிக்கு எடுத்துக் கட்டலாம், பில்டிங் நிரம்பினதும் நீண்ட காலக் கடன் வாங்கி ஃபண்டுக்குத் திருப்பிக் கொடுத்துட்டா அதே பணம் அடுத்த பில்டிங்குக்குப் போகும். நம்ம ஊர் சீட்டுப் பணம் மாதிரி சுத்திக்கிட்டே இருக்கு. இப்படிக் கட்டினதுதான் ஷேடி க்ரோவ் மெட்ரோ பக்கத்துல 2023ல திறந்த லாரியட், 268 வீடு, அதுல சுமார் 30 சதவீதம் குறைஞ்ச வாடகை. நான் போய்ப் பார்த்தேன், ஸ்விம்மிங் பூல் எல்லாம் இருக்கு, எந்தக் கதவு எந்த வாடகைக்காரருதுன்னு வெளியே இருந்து பார்த்தா கண்டுபிடிக்கவே முடியாது. அதுதான் வேணும்.

குறையும் சொல்லணும். பெதஸ்டாவுல வெஸ்ட்வுட் டவர் பின்னாடி இருக்குற பார்க்கிங் லாட்டுக்கு அடியில ரிவர் ரோடு கறுப்பின மக்களோட பழைய இடுகாடு இருக்கு, மோசஸ் இடுகாடுன்னு பேரு. 2021ல அந்த இடத்தை ஹெச்ஓசி விக்கப் பார்த்தப்போ வாரிசுங்க கோர்ட்டுக்குப் போனாங்க, கேஸ் மேரிலாந்து சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு. அடுத்தவங்களுக்குக் கூரை கொடுக்குற ஆபீஸ், செத்தவங்க இடத்தை விலை பேசக் கூடாதுங்கிறது என் கருத்து. இன்னொன்னு, தேவைக்கு முன்னாடி இருக்குற வீடு பத்தவே பத்தாது, அதனால வெயிட்டிங் லிஸ்ட் நீளம்.

அக்காவுக்கு வீடு கிடைச்சுது, போன மாசம் இஞ்செராவும் கோழிக் குழம்பும் போட்டாங்க, பிள்ளைங்க ரெண்டு பேருக்கும் தனி ரூம்.

5க்கு 4 ஸ்டார். அப்ளை பண்ண நினைச்சா ஹவுசிங் பாத்ங்கிற அவங்க ஆன்லைன் லிஸ்ட்ல பேரைப் போடுங்க, இலவசம். வருஷத்துக்கு ஒரு தடவையாவது உள்ள போய் அப்டேட் பண்ணணும், ஃபோன் நம்பர் மெயில் மாறினா அங்கயும் உடனே மாத்திடுங்க.