தேன் கேக்கா, சீனி கேக்கா? பிரக்டோஸ் ஆகாத வயிற்றின் கணக்கு

பேக்கரி கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நிற்கிறவர்கள் சீனியை நினைத்துத்தான் பயப்படுவார்கள். எனக்குப் பயம் தேன் கேக் மேல். பிரக்டோஸ், அதாவது பழத்திலும் தேனிலும் இருக்கும் ஒரு வகைச் சர்க்கரை, ஒத்துக்கொள்ளாத வயிறு என்னுடையது. ஆகாததைத் தின்றால் இரண்டு மணி நேரத்தில் வயிறு மத்தளமாகும், அப்புறம் கழிவறைக்கு நடைதான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இதில் இரண்டு வகை உண்டு. என் குடல் பிரக்டோஸைச் சரியாக உறிஞ்சுவதில்லை. மிஞ்சியது பெருங்குடலுக்குப் போய், அங்கே பாக்டீரியாவால் புளித்து வாயுவாகிறது. அவஸ்தைதான், ஆபத்தில்லை. இன்னொரு வகை பிறவியிலேயே வருவது. ஆல்டோலேஸ் பி என்ற நொதி அவர்களுக்கு வேலை செய்யாது. பிரக்டோஸ் உள்ளே போனால் ரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கும், கல்லீரலும் சிறுநீரகமும் கெடும். அவர்களுக்குச் சாதாரணச் சீனிகூட ஆகாது. இங்கே நான் 'கொஞ்சம் சாப்பிடலாம்' என்று சொல்வதெல்லாம் என் வகைக்காரர்களுக்கு மட்டும்.

சரி, கேக்குக்கு வருவோம். வெள்ளைச் சீனி என்பது சுக்ரோஸ். அதில் பாதி குளுக்கோஸ், பாதி பிரக்டோஸ். குளுக்கோஸ் துணைக்கு வந்தால் பிரக்டோஸ் குடலில் சுலபமாக உள்ளே போய்விடும். அதனால் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு துண்டு வெறும் ஸ்பான்ஜ் கேக் என்னை ஒன்றும் செய்வதில்லை. வம்பு இரண்டாவது துண்டில்தான். தேன் அப்படியல்ல. 100 கிராம் தேனில் பிரக்டோஸ் சுமார் 38 கிராம், குளுக்கோஸ் சுமார் 31. மிச்சம் 7 கிராமுக்குத் துணை கிடையாது. போதாததற்கு மேலே ஜாம் பூச்சு வேறு. அதில் ஆப்பிள் இருந்தால் அதுவும் பிரக்டோஸ் கூடிய பழம். உண்மையில் அந்தக் கேக்கில் தேன் எவ்வளவு, சீனிப்பாகு எவ்வளவு என்பது மாஸ்டருக்கே வெளிச்சம். ஏமாற்றியிருந்தால் எனக்கு நல்லது!

நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி கேக்குகள்? பெரும்பகுதி அதே சுக்ரோஸ்தான். விலைதான் கூடுதல், வயிற்றுக்கு வித்தியாசம் தெரியாது. 'சீனி சேர்க்காத' பேரீச்சம்பழ கேக்தான் ஆளைக் கவிழ்ப்பது. பேரீச்சம்பழத்தின் எடையில் பாதிக்கு மேல் சர்க்கரை, அதில் ஏறக்குறைய பாதி பிரக்டோஸ். உலர்திராட்சை அடைத்த பிளம் கேக்கும் இதே கதை.

எல்லாவற்றிலும் மோசம் 'சுகர் ஃப்ரீ' பிஸ்கட். 'உனக்குத்தான் இனிப்பு ஆகாதே' என்று சித்தி ஆசையாக வாங்கி வந்த பாக்கெட்டில் நாலு தின்றேன். அன்று ராத்திரி தூக்கம் போச்சு. காலையில் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால், சீனிக்குப் பதிலாகப் போடும் சார்பிட்டால் என்ற இனிப்பூட்டி. அது தானும் சரியாக உறிஞ்சப்படாது, பிரக்டோஸையும் உறிஞ்ச விடாது. பிறவி வகைக்காரர்களுக்கு இது இன்னும் விபரீதம், ஏனென்றால் உடம்பு அதைப் பிரக்டோஸாகவே மாற்றிவிடும்.

பெயரைப் பார்த்து குளுக்கோஸ் பிஸ்கட்டை நம்பவும் முடியாது. பின்பக்கம் படித்தால் மைதாவுக்கு அடுத்து சீனிதான் நிற்கும்.

கடைசியில் நான் வந்து சேர்ந்தது மருந்துக் கடை குளுக்கோஸ் பவுடருக்கு. ஆரஞ்சு வாசனை போட்டதை எடுக்காதீர்கள், அதில் சீனி கலந்திருக்கும். வழக்கமான கேக்தான், சீனியின் எடைக்கு அதே எடை குளுக்கோஸ். இனிப்பு முக்கால்வாசிதான் வரும். அடுப்பில் சீக்கிரம் சிவந்துவிடும் என்பது தெரியாமல் முதல் தடவை மேலே கருகி, உள்ளே மாவாகவே இருந்தது. இப்போது சூட்டை 20 டிகிரி குறைத்து, பாதி நேரத்தில் மேலே அலுமினியத் தாளை மூடிவிடுகிறேன். மைதாவில் ஃப்ரக்டான் (பிரக்டோஸ் சங்கிலியாகக் கோத்தது, அதுவும் பெருங்குடலில் புளிக்கும்) இருப்பதால் பாதிக்கு அரிசி மாவு. கொஞ்சம் உதிரும், பரவாயில்லை. சர்க்கரை நோயும் இருப்பவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம், ரத்தத்தில் விறுவிறுவென்று ஏறும்.

போன வாரம் அம்மா ஒரு வாய் தின்றுவிட்டு, "சர்க்கரை போட மறந்துட்டியா?" என்று கேட்டார். மீதி மொத்தமும் எனக்கே மிஞ்சியது. மூன்று துண்டு சாப்பிட்டேன். ராத்திரி வயிற்றில் ஒரு சத்தமில்லை.