எட்டு அங்குலத் தொலைகாட்டியா, கலியாண வீட்டுக் கமராவா? மட்டக்களப்பிலிருந்து காமாக் கதிர் வெடிப்பைத் துரத்த எது உதவும்

2022 ஒக்டோபர் 9, ஞாயிற்றுக்கிழமை, முழுநிலாப் போயா. கல்லடியில் எங்கள் வீட்டு மேல்மாடியில் அயல்வீட்டுப் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். எட்டு அங்குலத் தொலைகாட்டியை வியாழனுக்குத் திருப்பி, நிலாக்களை எண்ணச் சொல்லிக்கொண்டிருந்தேன். நேரம் மாலை 6.47. அதே நிமிடத்தில் எங்கள் தலைக்கு மேலே, உச்சியிலிருந்து பதினைந்து பாகை மட்டில் விலகி, திருவோண நட்சத்திரத்துக்கு வடக்கே, மனிதர் இதுவரை பதிவுசெய்தவற்றுள் மிகப் பிரகாசமான காமாக் கதிர் வெடிப்பின் கதிர்கள் வந்து விழுந்தன. தொலைதூரத்தில் பெருவிண்மீன் ஒன்று இறக்கும்போது பீறிட்டு, ஏறத்தாழ 200 கோடி ஆண்டு பயணம் செய்து வந்தவை. ஜிஆர்பி (காமாக் கதிர் வெடிப்பின் ஆங்கிலச் சுருக்கம்) 221009ஏ என்று பெயர் வைத்தார்கள். இப்படி ஒன்று பத்தாயிரம் ஆண்டுக்கு ஒருமுறைதான் வரும் என்று பின்னர் கணக்கிட்டார்கள். மறுநாள் செய்தியை வாசித்துவிட்டு மேல்மாடிக்கு ஏறி, அந்தத் திசையைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றேன்.

அன்று வேறு யாருக்கு அது வசதியாக இருந்தது என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். சிலியில் காலை பத்து மணி கடந்த வெயில். கனாரித் தீவுகளில் பிற்பகல். ஹவாயில் இருட்டுத்தான், ஆனால் வெடித்த இடம் அவர்களுடைய அடிவானத்துக்குக் கீழே. ஆஸ்திரேலியாவின் சைடிங் ஸ்பிரிங்கில் மறையும் தறுவாய். உலகத்தின் பெரிய கண்கள் பல மூடிக்கிடந்த நேரத்தில், லடாக்கின் ஹன்லே, நைனிதால் பக்கத்துத் தேவஸ்தல், தமிழ்நாட்டுக் காவலூர், அவற்றோடு எங்கள் கல்லடி மேல்மாடி. இந்தத் தீர்க்கரேகைக்காரருக்கு என்று ஒரு பங்கு வேலை இருக்கிறது என்று அன்றுதான் எனக்கு உறைத்தது.

அதன் பிறகு எங்கள் பாடசாலை வானியல் வட்டத்தில் இதே பேச்சுத்தான். கையில் இருக்கும் கொஞ்சப் பணத்தை எதில் போடுவது? விரிந்த பார்வையுள்ள கமராவா, தொலைகாட்டியை நிரந்தரமாக நிறுத்தத் தூணா, வெளிநாட்டுத் தொலைகாட்டியில் இணையவழி நேரமா? மூன்றையும் பாவித்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. இதை விளங்கிக்கொள்ளாமல் எந்தச் சாமானும் வாங்கக் கூடாது. வெடிப்பின் காமாக் கதிர்கள் சில செக்கன்களில், மிஞ்சினால் சில நிமிடங்களில் அடங்கிவிடும். எங்கள் கமராவுக்கு எட்டுவது அதற்குப் பிறகு மினுங்கும் எச்ச ஒளி. அது ஏறக்குறைய நேரத்துக்கு நேர்மாறாக மங்கும்: மூன்றாவது நிமிடத்தில் இருந்த ஒளி முப்பதாவது நிமிடத்தில் பத்தில் ஒன்று. வானியலாளரின் பிரகாச எண்ணில் சொன்னால் 2.5 படி இறக்கம் (எண் கூடக் கூட மங்கல்). எல்லா வெடிப்பும் இப்படி ஒழுங்காக மங்குவதில்லை, இடையில் மேடு பள்ளம் வரும். ஆனாலும் முதற்கணக்குக்கு இது போதும்.

இனி 135 மில்லிமீற்றர் குவியத்தூரமும் எஃப் 2 திறப்பும் உள்ள ஒரு கமரா வில்லையை எடுங்கள். அதன் வாய் 67 மில்லிமீற்றர். எட்டு அங்குலத் தொலைகாட்டியின் வாய் 203. விட்டம் மூன்று மடங்கு என்றால் சேர்க்கும் ஒளி ஒன்பது மடங்கு. அப்படியானால் மூன்றாவது நிமிடத்தில் தயாராக நிற்கும் கமராவும், இருபத்தேழாவது நிமிடத்தில் தயாராகும் எட்டு அங்குலமும் அந்த வெடிப்பிலிருந்து ஒரே அளவு ஒளியைத்தான் வாங்கும். இதைக் கரும்பலகையில் எழுதியபோது பிள்ளைகளை விட நான்தான் கூடத் திகைத்தேன். சிறிய கமராவின் படப்புள்ளி ஒவ்வொன்றும் அகன்ற வானத்தைப் பிடிப்பதால் பின்னணி வெளிச்சமும் கூடச் சேர்ந்து, மங்கலான புள்ளியை விழுங்கும் என்பது உண்மை. அதைக் கழித்தாலும் கணக்கு சொல்லும் பாடம் மாறாது.

இதில் கற்பனை இல்லை. 1999 ஜனவரி 23 அன்று அமெரிக்காவின் லொஸ் அலமோஸில் இருந்த ரோட்சி-1 என்ற தானியங்கிக் கருவி, வெடிப்பு தொடங்கி 22 செக்கனில் படம் எடுக்கத் தொடங்கியது. வெடிப்பு நடந்துகொண்டிருக்கும்போதே அதன் ஒளியைப் பிடித்த முதல் தடவை அது. உச்சத்தில் பிரகாச எண் 9 அளவு. இருகண் காட்டி வைத்திருந்தவர் சரியான இடத்தைப் பார்த்திருந்தால் கண்டிருப்பார். அந்த ரோட்சி-1 என்ன தெரியுமா? நான்கு கெனன் 200 மில்லிமீற்றர் வில்லைகள், படப்பிடிப்பாளர் பாவிக்கும் அதே சாதி, ஒரே தாங்கியில். 2008 மார்ச் 19 வெடிப்பு இன்னும் பெரிய கதை. 750 கோடி ஒளியாண்டுக்கு அப்பாலிருந்து வந்து, அரை நிமிடம் மட்டில் வெறுங்கண்ணுக்கே தெரியும் அளவுக்கு, 5க்கும் 6க்கும் இடையில் பிரகாசித்தது. அதை ஆரம்பத்திலிருந்து பதிந்தவையும் சிலியில் இருந்த சிறிய அகலக் கமராக்கள்தான். எட்டு மீற்றர் அகலமுள்ள பெருந்தொலைகாட்டி திரும்பி நிறமாலை எடுக்கத் தொடங்க எட்டரை நிமிடம் சென்றது. அதுவே அந்த அளவுத் தொலைகாட்டிக்குப் பெரிய சாதனை.

எங்களுக்கும் 135 வில்லை கிடைத்தது, கலியாண வீடுகளுக்குப் படம் பிடிக்கும் ஒரு தம்பியிடமிருந்து. “சேர், கலியாணம் இல்லாத நாளெல்லாம் இது அலுமாரிக்குள்ளதான் கிடக்கு. கொண்டு போங்க” என்றார். சாதாரணக் கமரா உடலில் அது ஒன்பது பாகைக்கு ஆறு பாகை வானத்தை ஒரே சட்டத்துக்குள் அடக்கும். முழுநிலா பக்கத்துக்குப் பக்கம் பதினெட்டு வைக்கலாம். இந்த அகலம் ஏன் தேவை? வெடிப்புகளைக் கண்டு அறிவிக்கும் ஃபெர்மி செய்மதி தரும் இடக்குறிப்பு சில பாகைகள் வரை தப்பலாம். ஒரு பாகை பார்வையுள்ள தொலைகாட்டிக்கு அது வைக்கோல் போரில் ஊசி. கமராவுக்கு இரண்டு மூன்று படம். ஸ்விஃப்ட் என்ற இன்னொரு செய்மதி சொன்னால் நிலைமை வேறு. அதன் முதற்குறிப்பே மூன்று வில்நிமிட (பாகையில் இருபதில் ஒன்று) ஆரைக்குள் வரும், அதுவும் இருபது செக்கன் மட்டில். சில நிமிடத்தில் அதன் எக்ஸ் கதிர்த் தொலைகாட்டி அதை ஐந்து வில்செக்கனுக்குச் சுருக்கிவிடும்.

கமராவின் குறையை மறைக்க மாட்டேன். கல்லடி வெளிச்சத்தில் அரை நிமிடப் படத்தில் பிரகாச எண் 12ஐத் தாண்டி எதையும் என்னால் நம்பிச் சொல்ல முடியவில்லை. ஸ்விஃப்ட் வருடத்துக்கு நூறு வெடிப்பு மட்டில் பிடிக்கிறது. நல்ல இருட்டு ஒரு நாளில் பத்து மணி நேரம், முப்பது பாகைக்கு மேல் தெரியும் வானம் முழுக்கோளத்தில் கால்வாசி, மேகத்துக்குப் பாதி என்று கழித்தால் எங்கள் பங்குக்கு வருடம் ஐந்துதான் மிஞ்சும். அவற்றில் பலவற்றுக்குக் கண்ணுக்கான ஒளி தென்படுவதேயில்லை. 12ஐ விடப் பிரகாசமாக ஒன்று வர வருடக்கணக்கில் காத்திருக்க நேரலாம்.

தொலைகாட்டிக்கு வருகிறேன். எட்டு அங்குலம், குவியச் சுருக்கி, அதே கமரா: பார்வை ஒரு பாகை. பல படங்களை அடுக்கிச் சேர்த்தால் எங்கள் வானத்திலும் 16, நல்ல கச்சான் கால (மேல்காற்று வீசும் வறண்ட காலம்) இரவில் 17 வரை போகலாம். 2003 மார்ச் 29 வெடிப்பை நினைத்துப் பாருங்கள். இலங்கைக் கடிகாரம் அப்போது அரை மணி முந்தி ஓடியது. அந்தக் கணக்கில் மாலை 5.37. ஒன்றரை மணி நேரம் கழிந்து, இங்கே இருட்டத் தொடங்கிய நேரத்திலும், சிங்கராசியில் 13 அளவில் நின்றது. காமாக் கதிர் வெடிப்புக்கும் பெருவிண்மீன் இறக்கும் சுப்பர்நோவாவுக்கும் உள்ள உறவை உறுதிப்படுத்திய வெடிப்பு அது. அப்படி ஒன்றை நாட்கணக்கில் தொடர்வதற்குக் கமரா போதாது, தொலைகாட்டிதான் வேண்டும்.

ஆனால் பெட்டிக்குள் இருக்கும் தொலைகாட்டி தொலைகாட்டியே அல்ல. நாங்கள் ஒத்திகை பார்த்தோம். செய்மதி அறிவித்தது போலக் கைபேசி மணி அடித்ததும் கடிகாரத்தைத் தட்டுவது, முதற்படம் வந்ததும் நிறுத்துவது. முதல் தடவை 34 நிமிடம். முக்காலியின் கால்கள் நிற்கும் இடத்தைச் சீமெந்தில் சிவப்புப் பெயின்றால் குறித்த பிறகு 19. குவியம் சரியான இடத்தில் குழாயில் வெள்ளைக் கோடு கீறிய பிறகு 14. அதற்குக் கீழே இறங்கவில்லை. வடக்கைப் பிடிப்பதுதான் நேரத்தைத் தின்கிறது. எங்கள் அகலாங்கு எட்டுப் பாகைக்கும் குறைவு என்பதால் துருவ நட்சத்திரம் தென்னை மட்டைக்குள் ஒளிந்துவிடும். ஒரு நண்பர் தன் வீட்டில் கொங்கிறீட் தூணில் நிரந்தரமாகப் பூட்டி, மேலே தார்ப்பாய் மூடி வைத்திருக்கிறார். அங்கே நாலு நிமிடம். என் 14 நிமிடத்தை அவருடைய நாலோடு ஈடுகட்ட எனக்குப் பதினைந்து அங்குலக் கண்ணாடி வேண்டும். தூணுக்கு மூன்று பை சீமெந்து போதும்.

இருட்டைத் தேடிப் படுவான்கரைக்குப் போகலாமே என்று பலர் கேட்பார்கள். உண்மைதான், வாவியைத் தாண்டிக் கொக்கட்டிச்சோலைப் பக்கம் போனால் வயல்வெளிக்கு மேல் பால்வீதி கையால் அள்ளலாம் போல இருக்கும். ஆனால் மணி அடித்த பிறகு மண்முனைப் பாலம் கடந்து போய்ச் சேர்வதற்குள் ஒளி போய்விடும். இரவில் யானைப் பயமும் உண்டு. இந்த வேலைக்கு எழுவான்கரையின் வெளிச்சத்தைச் சகித்துக்கொண்டு வீட்டிலேயே நிற்பது மேல். கடற்காற்று இன்னொரு சங்கடம். மாரி முடிந்து தை மாதம் மூடியைத் திறந்தபோது முன்கண்ணாடியில் சிலந்தி வலை போலப் பூஞ்சணம் படர்ந்திருந்தது. ஈரமுறிஞ்சிப் பொட்டலமும் ஒரு சிறிய மின்குமிழும் வைத்த பெட்டி இல்லாமல் இங்கே எந்த வில்லையும் இரண்டு மாரி தாங்காது.

மூன்றாவது, இணையவழித் தொலைகாட்டி. காசுக்கு நேரம் விற்பவர்களும் இருக்கிறார்கள். லாஸ் கும்ப்ரெஸ் போன்ற உலகளாவிய வலையமைப்புகளில் கல்வித் திட்டங்களும் இருக்கின்றன. இதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை: வானம் சுத்தம், கருவி எங்களுடையதை விடப் பெரிது, பூஞ்சணமும் இல்லை, நுளம்பும் இல்லை. ஆனால் நாங்கள் முயன்றபோது வாடகைத் தொலைகாட்டி ஒன்றில் எங்களுக்கு முன்னால் பதிவு செய்தவர் முடிக்கும் வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தோம். முதல் நிமிடங்களுக்கு அது சரிவராது.

அதன் பலம் வேறோர் இடத்தில் இருக்கிறது. எங்கள் பாடசாலை நேரம் காலை ஏழரை தொடக்கம் ஒன்றரை. சிலியில் அது நள்ளிரவைச் சுற்றிய நேரம். 2008 வெறுங்கண் வெடிப்பு எங்கள் கடிகாரத்தில் புதன்கிழமை முற்பகல் 11.42, இடைவேளை முடிந்து பிள்ளைகள் வகுப்பில் இருந்த நேரம். பகலில் வரும் வெடிப்புக்கு மேல்மாடியில் என்ன வைத்திருந்தும் பயனில்லை. பிற்பகல் வரை மங்கி நிற்பதை வகுப்பிலிருந்தே அளந்து பார்க்க இதை விட்டால் வேறு வழியும் இல்லை.

“சேர், மாரிக்கு என்ன செய்யிற? மூணு மாசம் மேகந்தானே” என்று உயர்தர வகுப்பு மகள் ஒருத்தி கேட்டாள். நல்ல கேள்வி. அவளுக்காகவே நாலாவது ஒன்றையும் சேர்த்தேன். 2022 வெடிப்பு எங்கள் அயனிமண்டலத்தையே (வானொலி அலைகளைத் திருப்பி அனுப்பும் மின்னேற்ற மேல்வளி) அசைத்தது. மிகத் தாழ்ந்த அதிர்வெண் வானொலி அலைகளைக் கவனித்துக்கொண்டிருந்த கருவிகளில் அது பதிவாகியது. திருநெல்வேலிப் பக்கம் விஜயநாராயணத்தில் இந்தியக் கடற்படையின் நிலையம் 18.2 கிலோஹேர்ட்சில் ஒலிபரப்புகிறது. எங்களுக்கு அது பக்கத்து வீடு மாதிரி. மரச்சட்டத்தில் சுற்றிய செப்புக்கம்பி, ஒரு பழைய கணினி போதும். மேகம், மழை, பகல் எதுவும் தடையில்லை. இதே மாதிரி அயனிமண்டலத்தைக் குலுக்கிய இன்னொன்று, எங்கள் பால்வீதிக்குள்ளிருந்தே வந்த காந்த நட்சத்திரமொன்றின் வெடிப்பு, 2004 டிசம்பர் 27 அன்று பதிவாகியது. எங்கள் நேரப்படி 28 அதிகாலை. சுனாமிக்குப் பிறகு நாவலடியிலும் கல்லடியிலும் நாங்கள் ஆட்களைத் தேடிக்கொண்டிருந்த இரவு. அந்த நாளை எந்த வானியல் பட்டியலில் கண்டாலும் நான் அங்கேயே நின்றுவிடுவேன். இந்த முறைக்கு எட்டும் அளவு பலமான வெடிப்பு மிக அரிது. ஆகவே மாரிக்கு இது ஒரு காவல், அவ்வளவுதான்.

என் தெரிவைக் கேட்டால், பணம் தூணுக்கு. கமரா இரவல் போதும். அதைத் தூணின் முதுகிலேயே, தொலைகாட்டியின் தோளில் பூட்டிவிடலாம். ஃபெர்மி மட்டும் சொன்னால் கமரா தேடும், ஸ்விஃப்ட் சொன்னால் இரண்டும் சேர்ந்து பிடிக்கும். இணைய நேரத்துக்கு இப்போது ஒரு சதமும் வேண்டாம், கல்வித் திட்டத்துக்கு விண்ணப்பித்தால் போதும். பெரிய தொலைகாட்டி வாங்கலாம் என்று வட்டத்தில் சிலர் சொல்வதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. பன்னிரண்டு அங்குலம் பெட்டியிலிருந்து இறங்க இரண்டு பேர் வேண்டும்.

2022இலும் ஃபெர்மிதான் முதலில் பிடித்தது. ஸ்விஃப்ட் கண்டு இடத்தைச் சொன்னது 53 நிமிடம் பிந்தி, எங்களுக்கு இரவு 7.40க்கு. முதலில் எங்கள் பால்வீதிக்குள் நடந்த ஏதோ ஒன்று என்றே நினைத்தார்கள். பால்வீதித் தூசுக்குப் பின்னால் இருந்ததால் ஸ்விஃப்டின் சொந்தத் தொலைகாட்டிக்கு அது 16.6ஆகத்தான் தெரிந்தது. கமராவுக்கு எட்டாது. நிலா வெளிச்சத்தில், தூணில் நின்ற எட்டு அங்குலத்துக்கு எட்டியும் எட்டாமலும் இருந்திருக்கும். 7.40க்கு நான் பிள்ளைகளை அனுப்பிவிட்டு, தொலைகாட்டியைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தேன்.

தூணுக்குக் குழி வெட்டியாயிற்று. மேல்மாடித் தளம் அதிர்வதால் முற்றத்தில், தென்னைக்கு அங்கால், வடக்கு தெரியும் இடத்தில். சீமெந்துப் பை மழைக்கு முன் வர வேண்டும்.