கேமரன் மலையில் வாங்கிய இரண்டு செருப்பு ஆர்க்கிட்டுகள்: மூன்றாண்டு வளர்த்த பின் ஒரு மதிப்பீடு

2022 மார்ச்சில் கேமரன் மலையிலிருந்து பினாங்குக்குத் திரும்பும் வழியில், ஒரு செடிக்கடையில் பூத்த நிலையில் இருந்த இரண்டு செருப்பு ஆர்க்கிட்டுகளை (பூவின் ஓரிதழ் செருப்பு முனைபோல் பையாக அமைந்தவை) வாங்கினேன். ஒன்று, பச்சையும் வெள்ளையுமாகக் கோடிட்ட பூவும் புள்ளி படர்ந்த இலையும் கொண்ட மௌடியே வகை. விலை 65 வெள்ளி (மலேசிய ரிங்கிட்). மற்றொன்று, சிறிய இளஞ்சிவப்புப் பையோடு பூக்கும் பினோக்கியோ. விலை 80 வெள்ளி. செடிகளின் தரத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வேர் பிடிப்பாக இருந்தது, இலையில் பூச்சி இல்லை, நான்கு மணி நேரக் கார்ப் பயணத்தில் ஓர் இதழ்கூடக் கசங்காத வகையில் கட்டிக் கொடுத்தார்கள். என் மனத்தாங்கல் முழுவதும் செடியோடு தந்த பராமரிப்புத் தாளைப் பற்றியது.

பூ உதிர்ந்ததும் தண்டை இரண்டாவது கணுவுக்கு மேல் வெட்டிவிட்டால் அதே செடி மீண்டும் பூக்கும் என்று அந்தத் தாள் சொல்கிறது. இது பட்டாம்பூச்சி ஆர்க்கிட் எனப்படும் ஃபெலனாப்சிஸுக்குப் பொருந்தும் அறிவுரை. அந்தச் செடி ஒரே நுனியில் மேல்நோக்கி வளர்ந்துகொண்டே போவது. பூந்தண்டு இலைக்கக்கத்திலிருந்து வருவதால் நுனிக்குச் சேதமில்லை, தண்டின் கணுவில் உறங்கும் மொட்டு சில வேளைகளில் கிளைக்கவும் செய்யும். செருப்பு ஆர்க்கிட்டின் அமைப்பே வேறு. அதன் பூந்தண்டு இலைக்கொத்தின் நட்டநடுவில், வளரும் நுனியிலிருந்தே எழுகிறது. ஆகவே பூத்தவுடன் அந்தக் கொத்தின் வளர்ச்சி முடிந்துவிடுகிறது. அடுத்த பூ, அடியிலிருந்து கிளைக்கும் புதிய கன்று வளர்ந்து முதிர்ந்த பிறகே வரும். குலை தள்ளிய வாழை இன்னொரு முறை குலை தள்ளாது என்பதை அறிந்த நமக்கு இதைப் புரிந்துகொள்வது கடினமில்லை. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு: குலை வெட்டிய வாழையை நாம் சாய்த்துவிடுகிறோம், இங்கே பூத்து முடிந்த கொத்தைத் தொடவே கூடாது. சேமிப்புக் கிழங்கு இல்லாத இந்தச் செடியில் பழைய இலைகள்தாம் கன்றுக்கு ஊட்டும் தாய். அவை பச்சையாக இருக்கும்வரை பயன் தருகின்றன.

மௌடியேயின் பூ ஏழு வாரம் நின்றது. பிறகு தாளில் உள்ளபடி வெட்டுவதற்குக் கணுவைத் தேடியபோதுதான் எனக்குச் சந்தேகம் தட்டியது. மயிர் படர்ந்த அந்தத் தண்டில் பூவடிச் செதில் ஒன்றைத் தவிர வேறெதுவும் இல்லை. தண்டை அடியோடு நறுக்கிவிட்டுக் காத்திருந்தேன். வாங்கும்போது கட்டைவிரல் அளவில் இருந்த ஒரு கன்று 2023 ஆகஸ்டில், அதாவது பதினேழு மாதம் கழித்து, பூத்தது. தாளை நம்பி பழைய கொத்தையே பார்த்துக்கொண்டிருப்பவர், ஆறு மாதத்தில் செடி மலடு என்று முடிவு கட்டிக் குப்பையில் போட்டிருப்பார். ஒரே கொத்து இரண்டு முறை பூத்ததாகச் சொல்லும் நண்பர் ஒருவர் இருக்கிறார்; அவர் தொட்டியைக் கிளறிப் பார்த்தபோது, பழைய இலையின் கக்கத்தோடு ஒட்டி ஒளிந்திருந்த புதுக்கன்றுதான் பூத்திருந்தது.

பினோக்கியோவில் அதே அறிவுரை நேர் எதிரான கேட்டைச் செய்யக்கூடியது. கலப்பினமான இதன் பெற்றோர் இனங்களுள் கிளாக்கோஃபில்லம் ஜாவாவையும், பிரிமுலினம் சுமத்ராவையும் சேர்ந்தவை. இரண்டும் ஒரே தண்டில் ஒன்றன்பின் ஒன்றாகப் பூக்கும் பிரிவைச் சேர்ந்தவை. ஒரு பூ விழுந்ததும் தண்டின் நுனி சிறிது நீண்டு அடுத்த மொட்டை நீட்டுகிறது. முதல் பூ விழுந்த அன்று கத்தரிக்கோலோடு சென்ற நான், நுனியில் அரிசியளவு மொட்டைக் கண்டு கையை இழுத்துக்கொண்டேன். அந்தத் தண்டு 2023 பிப்ரவரி வரை மேலும் எட்டுப் பூக்களைத் தந்தது. இதையும் மறுபூப்பு என்று சிலர் சொல்கிறார்கள். உண்மையில் இது முடியாத முதல் பூப்பின் தொடர்ச்சி. தண்டு நுனிவரை காய்ந்து பழுப்பான பிறகே வெட்ட வேண்டும், அதன்பின் அந்தக் கொத்தும் பூக்காது.

எனவே வாங்குவோர் பூவின் அழகில் மயங்கி நிற்காமல், தொட்டிக்குள் எத்தனை பூக்காத கொத்துகள் இருக்கின்றன என்று எண்ணிப் பார்ப்பது நல்லது. என் பினோக்கியோவில் மூன்று கொத்துகள் இருந்தன. முதல் தண்டு ஓயும் முன்பே இரண்டாவது கொத்து தண்டு விட்டது, ஆகவே 80 வெள்ளி மலிவு என்பேன். மௌடியேயில் பூத்த கொத்து ஒன்று, குட்டிக்கன்று ஒன்று. 65 வெள்ளிக்கு அது சற்று அதிகம். பெரிய தொட்டியைப் பார்த்ததும் பிரித்து நடும் ஆசை வரும். மூன்று கொத்துகளாவது சேர்ந்திராத செடியைப் பிரிக்காதீர்கள். தனியாக்கிய கொத்து மீள நெடுங்காலம் பிடிக்கும். சபாவின் கினாபாலு மலைக்குரிய ரோத்சைல்டியானம் என்னும் செருப்பு ஆர்க்கிட்டின் கன்றை விற்கும் கடைகளும் உண்டு. விதையிலிருந்து பூ காணப் பத்தாண்டு ஆகலாம் என்பதால், பொறுமையற்றவர்களுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பினாங்கின் வெக்கையைப் புள்ளியிலை வகைகள் தாங்குகின்றன. மரப்பட்டை ஊடகம் மட்கிவிடும் என்பதால் ஆண்டுக்கொருமுறை மாற்றுகிறேன். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம் பினாங்குக் கொடிமலையிலேயே பார்பேட்டம் என்னும் செருப்பு ஆர்க்கிட் இயற்கையாக வளர்கிறது. இந்தப் பேரினம் முழுவதும் பன்னாட்டு வணிகத்தில் மிகக் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. காட்டில் பறித்த செடியை யார் நீட்டினாலும் வாங்க வேண்டாம். நான் வாங்கிய இரண்டும் பண்ணையில் வளர்த்த கலப்பினங்கள் என்பதைக் கடைக்காரர் தாமாகவே சொன்னார், அதற்காக அவரைப் பாராட்டுகிறேன்.

செடிக்கு ஐந்தில் நான்கு நட்சத்திரம், தாளுக்கு ஒன்று. சென்ற ஆண்டு மீண்டும் அங்கே சென்றபோது தவற்றை எடுத்துச் சொன்னேன். கடைக்காரர் பொறுமையாகக் கேட்டார், தலையாட்டினார், நான் புதிதாக வாங்கிய செடியோடு அதே தாளை மடித்துப் பையில் வைத்துக் கொடுத்தார்.